இரண்டு ஊக்குகள்

முகையூர்ப் பக்கமிருந்து பேருந்தேறி வரும் மாணவிகளின் இரு தோளிலும் துப்பட்டாவுக்கு ஒவ்வொரு ஊக்கு இருக்கும். ஒன்று கழன்றாலும் வகுப்புக்குள் நுழையுமுன் யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் ‘நம்ம பண்பாடு’ என்பார்கள்.

எந்தப் பண்பாடு? இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தபோது, மேலாடையால் மார்பை மறைத்ததற்காக நாடார் பெண்கள் அடிக்கப்பட்டார்கள். அவர்களின் துணி பொது இடத்தில் கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1859இல்தான் மகாராஜாவின் பிரகடனம் மேலாடைக்கு அனுமதி தந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. அன்று மறைத்தது குற்றம், இன்று மறைக்காதது குற்றம். தீர்ப்புச் சொல்பவர் மட்டும் மாறவே இல்லை.

இது நம் மண்ணின் கதை மட்டுமல்ல. சீனத்தில் 1920களில் படித்த நகரத்துப் பெண்கள் சீப்பாவ் என்னும் நீள அங்கியை அணியத் தொடங்கினார்கள். அது ஆண்களின் அங்கியைப் போன்றது. ஆணைப் போல இருக்க விரும்பியே பெண்கள் அதை அணிந்தார்கள் என்று எழுத்தாளர் ஐலீன் சாங் 1943இல் எழுதினார். ஆனால் 1929இலேயே அரசு அதைச் சட்டமாக்கிவிட்டது: பெண் ஊழியருக்குச் சீப்பாவ், ஆண் ஊழியருக்குக் கால்சட்டையோடு புதுப்பாணி உடை. பெண் தானாகத் தேர்ந்தது அவளுக்கு இட்ட கட்டளையானது. 1967இல் காற்று திசை மாறியது. குடியரசுத் தலைவர் லியூ ஷாவ்சியின் மனைவி வாங் குவாங்மெய்க்குச் செங்காவலர்கள் அதே சீப்பாவை வலுக்கட்டாயமாக உடுத்தி, பிங்பாங் பந்துகளை மாலையாகப் போட்டு, கூட்டத்தின் முன் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். முன்பு சட்டம் சொன்ன உடை, இப்போது குற்றத்தின் சாட்சி.

2019இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. பெண்களுக்குச் சேலை, இல்லையென்றால் சல்வாரோ சுடிதாரோ, துப்பட்டாவோடு. ஆண்களுக்குச் சட்டையும் பேன்ட்டும், அல்லது வேட்டி. ‘ஆணுக்கும் விதி இருக்கிறதே’ என்பவர்களுக்கு ஒரு கேள்வி: வேட்டி கட்டாமல் வந்த ஆணைப் பார்த்து, பண்பாடு போய்விட்டது என்று எந்த அலுவலகமாவது கலங்கியதுண்டா? அவன் பேன்ட் போட்டால் காலம் மாறிவிட்டது, அவள் துப்பட்டாவை விட்டால் காலம் கெட்டுவிட்டது.

நான் சேலைதான் கட்டுகிறேன். எனக்கு அது பிடிக்கும். சேலையோடு எனக்குச் சண்டை இல்லை. பிடிக்காத நாளில் யாரையும் கேட்காமல் மாற்றிக்கொள்ள முடியாது என்பதோடுதான் சண்டை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஊக்கு கழண்டிருக்கும்மா’ என்று நானும் ஒரு மாணவியிடம் சொல்லியிருக்கிறேன். அக்கறையில்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்ளச் சொல்லி எனக்கு யாரோ கற்றுத்தந்த பயம் அது. அதைத்தான் அவளுக்குக் கைமாற்றினேன். அவள் தலைகுனிந்து சரிசெய்தாள். அன்று நடத்திய பாடம் அவள் காதில் விழுந்திருக்காது.

இனி என் வகுப்பில் யாருடைய தோளையும் பார்க்க மாட்டேன். நீங்களும் பார்க்காதீர்கள்.