கீரையும் மருந்தும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மணத்தக்காளி புதியதன்று. வாய்ப்புண் வந்தால் அதன் கீரையைக் கூட்டாகச் சமைப்பர்; காயை வற்றலாக்கிக் குழம்பில் இடுவர். மலையாளிகள் அதனை மணித்தக்காளி என்பர். அச்செடியின் இலை, இந்நகரிலேயே புற்றுநோய் ஆய்வுக்கும் பொருளாயிற்று.

இங்குள்ள ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் அறிவியலாளர் ரூபி ஜான் ஆன்டோவும் அவருடைய குழுவினரும் அவ்விலையிலிருந்து உட்ரோசைடு-பி என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். அது கல்லீரல் புற்றுநோய் உயிரணுக்களை அழிப்பதையும், எலிகளில் கட்டியின் வளர்ச்சியைத் தடுப்பதையும் கண்டு 2016இல் வெளியிட்டனர். 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு 'அரியநோய் மருந்து' என்னும் தகுதியை வழங்கியது. இத்தகுதி ஆய்வை ஊக்குவிப்பதற்கானது. விற்பனைக்கான ஒப்புதல் அன்று.

இச்செய்தியைக் கேட்போர் இருவகையாகப் பேசுவர். "நம் முன்னோர் அன்றே அறிந்ததுதானே!" என்பர் சிலர். "கீரையாவது, புற்றுநோயைத் தீர்ப்பதாவது!" என்பர் வேறு சிலர். இரண்டுமே அவசர முடிவுகள்.

முன்னோர் அச்செடியின் பயனை அறிந்திருந்தனர் என்பது பெருமைக்குரியது. ஆயினும், கல்லீரல் உயிரணுவுக்குள் அது என்ன செய்கிறது என்பதை ஆய்வுதான் காட்டியது. எலிக்கு அளிக்கப்பட்டது பிரித்தெடுத்து அளந்த சேர்மம். தட்டில் உள்ள கூட்டில் அச்சேர்மம் எவ்வளவு உள்ளது என்று எவரும் அளப்பதில்லை. மேலும், எலிகளில் வெற்றி பெற்ற பல பொருள்கள் மனிதரிடம் தோல்வியுற்றுள்ளன. எனவேதான் மனிதரிடம் படிப்படியாகச் சோதித்த பின்னரே ஒரு பொருள் மருந்தாக ஏற்கப்படுகிறது.

இந்தப் பொறுமை வீண் தாமதம் அன்று. 1981இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்திற்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். கீரையே போதும் என்று நம்பிச் சில மாதங்களைக் கழித்துவிட்டு வரும் நோயாளிக்கு, குணமாகும் வாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

சோதித்துத் தெளிந்த அறிவு எத்தகைய பயன் தரும் என்பதற்கும் கல்லீரலே சான்று. ஹெபடைடிஸ்-பி நச்சுயிரி கல்லீரல் புற்றுநோய்க்கு ஒரு முதன்மைக் காரணம். அதற்கான தடுப்பூசியைத் தைவான் 1984 முதல் குழந்தைகளுக்கு இட்டது. அதன்பின் அங்கே சிறுவரிடையே அப்புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. இந்தியாவிலும் பிறந்த 24 மணி நேரத்திற்குள் அத்தடுப்பூசி இடப்படுகிறது.

ஆகவே, பாட்டியின் சமையலை மதிப்பதும் ஆய்வின் முடிவுக்குக் காத்திருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மணத்தக்காளியை உணவாக உண்போம். நோய் வந்தால் மருத்துவரை நாடுவோம். அக்கீரைக்குள் மருந்து உண்டா என்னும் வினாவுக்கு விடை காண, நாளை இம்மாணவருள் ஒருவரே ஆய்வுக்கூடம் செல்லக்கூடும்.

சொற்பொருள்: சேர்மம் – தனிமங்கள் சேர்ந்து உண்டாகும் பொருள், நச்சுயிரி – வைரஸ், உயிரணு – செல்.

சிந்தித்து எழுதுக: உங்கள் வீட்டில் மருந்தாகக் கருதப்படும் உணவு ஒன்றைக் குறிப்பிட்டு, அதனை எவ்வாறு சோதிக்கலாம் என எழுதுக.