எலக்ட்ரானைப் படம் பிடித்தார்களா?

எலக்ட்ரானையே படம் பிடித்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எதைக் கொண்டு பிடித்தார்கள் என்று கேளுங்கள்.

2004-ஆம் ஆண்டில் கனடாவின் ஒட்டாவா நகரில் நைட்ரஜன் மூலக்கூறின் வெளி ஆர்பிட்டலுக்கு ஒரு படம் வரைந்தார்கள். எலக்ட்ரான் எங்கெங்கே இருக்கக்கூடும் என்பதைக் குறிக்கும் அலைவடிவமே ஆர்பிட்டல். அதற்கேது காமிரா?

வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் எழும் என்று படித்திருப்பீர்கள். ஒளிக்கும் மேற்சுரங்கள் உண்டு. 1987-இல் பிரான்சில் ஆன் லுய்லியே குழுவினர் ஆர்கான் வாயுவில் செறிவுமிக்க அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினார்கள். லேசரைப் போல் 33 மடங்கு அதிர்வெண் வரை ஒளி வெளிவந்தது! அதிலும் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே. (ஏன்? மின்புலம் இரு பக்கமும் ஒரேமாதிரி இழுக்கிறது என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள்.)

லேசரின் மின்புலம் எலக்ட்ரானைப் பிய்த்து வெளியே இழுக்கிறது. அலை அல்லவா, சற்று நேரத்தில் புலத்தின் திசை மாறுகிறது. போன எலக்ட்ரான் வேகமாகத் திரும்பிவந்து, விட்டுச்சென்ற அயனியோடு சேர்ந்து, தான் பெற்ற ஆற்றலை ஒளியாகக் கொட்டிவிடுகிறது. பெரும்பாலும் ஓர் அலைநேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். 800 நானோமீட்டர் லேசருக்கு அது சுமார் 2.7 ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஃபெம்டோ வினாடி!

நைட்ரஜன் மூலக்கூறு நீளவாட்டானது. ஆகவே அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, அதற்கேற்ப மேற்சுரங்களின் பிரகாசமும் மாறும். ஒட்டாவாவில் முதலில் ஒரு லேசர் துடிப்பால் மூலக்கூறுகளை வரிசைப்படுத்தினார்கள். பிறகு கோணத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு மேற்சுரத்தையும் அளந்தார்கள். மருத்துவமனை சி.டி. ஸ்கேனில் செய்வதுபோல் அந்த அளவுகளிலிருந்து வடிவத்தைக் கணக்கிட்டார்கள்.

அளந்தது மேற்சுர ஒளியை; ஆர்பிட்டல் கணக்கில் கிடைத்தது. அந்தக் கணக்குக்குள் சில அனுமானங்கள் உண்டு. திரும்பிவரும் எலக்ட்ரான் எளிய சமதள அலை என்பது ஒன்று. வெளி ஆர்பிட்டல் ஒன்றே ஒளி தருகிறது என்பது மற்றொன்று. 2008-இல் வந்த ஓர் ஆய்வில், நைட்ரஜனில் அதற்கு அடுத்த உள் ஆர்பிட்டலும் பங்குகொள்வது தெரியவந்தது.

இதனால் அந்தப் படம் பொய்யாகிவிடாது. அபாரமான வேலை அது. ஆனால் அதைப் புகைப்படம் என்று சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. உங்கள் செய்முறைக் குறிப்பேட்டில் அளவீடு ஓரிடத்தில், கணக்கீடு வேறிடத்தில் என்று பிரித்து எழுதச் சொல்கிறோமே, இந்தப் படத்தின் அடியிலும் அப்படி இரண்டு வரி அச்சிட்டால் என்ன?