எண்ணை மாற்றினால் போதாது

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இலவச மென்பொருள் வந்துவிட்டது. இக்னிஷன் அட்டவணையில் நாலு எண்ணை மாற்றினால் எந்த டர்போ காரிலும் ஆன்டி-லேக் தயார் என்கிறார்கள். மென்பொருளைப் பற்றிச் சொல்வது சரி. ரஸ்-இஎஃப்ஐ போன்ற திறந்தமூல முயற்சிகள் பணக்கார அணிகளின் வித்தையை எல்லோருக்கும் திறந்துவிட்டன. மற்றது ஆபத்தான பேச்சு.

டர்போவின் தாமதத்தைத் தவிர்க்கும் ஆன்டி-லேக், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சினுக்குள் காற்றை விடுகிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கும்போதுதான் ஸ்பார்க் கொடுக்கிறது. எரிதல் சிலிண்டருக்குள் முடியாமல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தொடர்கிறது. அங்கே எரியும் வாயுதான் டர்பைனைச் சுழற்றுகிறது. அந்த எரிதலின் வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வையும் டர்பைனையும் அரிக்கிறது, கேட்டலிடிக் கன்வெர்ட்டரை உருக்குகிறது. த்ராட்டில் திறந்தே இருப்பதால் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடமும் குறைகிறது.

ராலி அணிகள் இதைச் செய்யவில்லையா என்பார்கள். அவர்களுக்கு டர்போ, டயரைப்போல தேய்ந்ததும் மாற்றிவிடும் பொருள். 1994-இல் வந்த டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர் எஸ்டி205-இன் ராலிக்கான பதிப்பு, ஆன்டி-லேக் குழாய்களுடனேயே விற்பனைக்கு வந்தது. ஆனால் சாலைக் காரில் அது முடக்கப்பட்டிருந்தது.

ஆகவே எக்ஸாஸ்ட் வெப்ப சென்சார், கூலன்ட் வெப்ப வரம்பு, சில நொடிகளில் தானே அணையும் நேர வரம்பு ஆகிய மூன்றும் இல்லாமல் இதை இயக்காதீர்கள். பந்தயத் தடத்துக்கு வெளியே இயக்கவே வேண்டாம். மென்பொருள் இலவசம், எஞ்சினும் உயிரும் இலவசம் அல்ல.