தீர்ப்புக்கு முன்பே தண்டனை

2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, தண்டனை முறையே திருந்திவிட்டதாக முழங்கினார்கள். சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையும் ஒரு தண்டனையாயிற்று. நல்லதுதான். ஆனால் நம் நாட்டுச் சிறைகளை நிரப்பியிருப்போர் தண்டனை பெற்றவர்களா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022 முடிவில் சிறையிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவரை எந்த நீதிபதியும் இன்னும் குற்றவாளி எனக் கூறவில்லை.

இது நேற்று முளைத்த நோயன்று. கைதியை அடக்கி வைப்பதையே குறியாகக் கொண்ட 1894ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டம், விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் நம் சிறைகளை ஆண்டது. பீகார்ச் சிறைகளின் அவலத்தை நாடறிந்தது 1979இல், ஹுஸைனாரா காத்தூன் வழக்கில்தான். குற்றம் உறுதியாகியிருந்தால் கிடைத்திருக்கும் அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம், விசாரணையே இன்றிப் பலர் அடைபட்டுக் கிடந்தனர். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்றது உச்ச நீதிமன்றம். அதிகபட்சத் தண்டனையில் பாதிக்காலத்தைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதியை ஜாமீனில் விடும் விதி வருவதற்கோ 2006 ஆயிற்று! புதிய சட்டம், முன்பு தண்டனை பெறாதவருக்கு அதை மூன்றில் ஒரு பங்காக்கியது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தால் அச்சலுகை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டது. ஒருவர்மீது இன்னொரு வழக்கைப் போடுவது எத்தனை எளிது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில், கைதிகளின் நிலையை ஆளுநர்கள் நாள்தோறும் ஆராய வேண்டும், வழக்கில்லாதவரை விட்டுவிட வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள்.

ஆட்சியாளரைச் சாடிவிட்டு நாம் நழுவவும் இயலாது. "ஒன்றுமில்லாமலா உள்ளே போட்டார்கள்?" என்று கேட்கும் நாவு நம்முடையதுதானே? குற்றமற்ற யூஸுஃப் நபி (அலை) ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்த வரலாற்றை ஓதிக்கொண்டே அவ்வாறு கேட்கிறோம். ஜாமீன் உத்தரவு கிடைத்தும், கையெழுத்திட ஆளின்றி உள்ளேயே கிடக்கும் ஏழைகள் உண்டு. ஏழை விசாரணைக் கைதிக்குப் பணம் தந்து உதவும் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது; நீதிமன்றம் ஜாமீன்தாரர் கேட்டால் பணம் வந்து கையெழுத்திடாது.

ஒருவரை முன்னிலைப்படுத்தப் பொறுப்பேற்கும் 'கஃபாலா பின்னஃப்ஸ்' பாடத்தை மதரஸாக்களில் நடத்துகிறோம். இந்த ஜும்ஆவுக்குப் பின், ஜாமீன் கையெழுத்திட முன்வருவோரின் பட்டியலை நம் ஜமாஅத் நிர்வாகிகள் எழுதத் தொடங்கட்டும். இலவச வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகட்டும்.