அச்சு நகர்ந்தால் அச்சம் எதற்கு?



"நிலநடுக்கத்தால் பூமியின் அச்சே நகர்ந்துவிட்டதாம்!" என்று யாராவது சொன்னால் வயிற்றில் புளியைக் கரைக்கும், இல்லையா? செய்தி பொய்யில்லை. ஆனால் பயப்படும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவு நகர்ந்தது?"

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே 'இந்தியத் தட்டு' எனும் பாறைத் தட்டு, பக்கத்துத் தட்டுக்கு அடியில் மெல்ல மெல்லப் புகுந்து கொண்டே இருக்கிறது. அன்று 1,200 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குப் பாறைகள் ஒரேயடியாக நகர்ந்தன.

ஒரு பம்பரத்தின் பக்கவாட்டில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டிச் சுற்றிப் பாருங்கள். தள்ளாடும்! எடை இடம் மாறினால் சுழற்சியும் மாறும். பூமியும் ஒரு பெரிய பம்பரம்தானே? நாசா விஞ்ஞானிகள் ரிச்சர்ட் கிராஸ், பெஞ்சமின் சாவோ இருவரும் இதைக் கணக்குப் போட்டார்கள். பூமியின் எடை எந்தக் கோட்டைச் சுற்றிச் சமமாக இருக்கிறதோ, அந்தக் கற்பனைக் கோடு வடதுருவத்தில் சுமார் 2.5 சென்டிமீட்டர் நகர்ந்தது என்று தெரிந்தது. அதாவது ஒரே ஒரு அங்குலம்!

பாறைகள் மொத்தத்தில் பூமியின் மையத்தை நோக்கிச் சற்றே இறங்கியதால் சுழற்சி வேகமும் துளி கூடியது. சுழல் நாற்காலியில் கைகளை விரித்தபடி சுற்றிவிட்டு, சட்டென்று மடக்கினால் வேகம் கூடுமே, அது போலத்தான். இதனால் ஒரு நாளில் குறைந்த நேரம் 2.68 மைக்ரோ விநாடி. ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் ஒரு மைக்ரோ விநாடி. குறைந்த நேரத்தைத் தினமும் உண்டியலில் போட்டு வந்தாலும், ஒரு விநாடி சேர ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகும்!

2010-ல் சிலி நாட்டு நிலநடுக்கம் அதே கோட்டைச் சுமார் 8 சென்டிமீட்டரும், 2011-ல் ஜப்பான் நிலநடுக்கம் 17 சென்டிமீட்டரும் நகர்த்தியதாகக் கணக்கிட்டார்கள். ஆனால் காற்றும் கடல் நீரோட்டமும் வருடம்தோறும் அதை ஒரு மீட்டர் அளவுக்கு அசைக்கின்றன. நமக்குத் தெரிகிறதா என்ன? பருவ காலங்களைத் தரும் பூமியின் 23.5 டிகிரி சாய்வை எந்த நிலநடுக்கமும் மாற்றுவதில்லை. ஆகவே வெயில் கூடியதற்கும் மழை பொய்த்ததற்கும் நிலநடுக்கத்தின் மேல் பழி போடாதீர்கள்.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? அலைக்கு! அதே நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி, காலை 9 மணி வாக்கில் சென்னைக் கரையைத் தொட்டது. நடுவில் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. கரையைக் காலி செய்ய அது தாராளமாகப் போதும். எடுத்துச் சொல்லத்தான் ஏற்பாடு இல்லை. தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள் போயின.

சொல்ல ஆள் இருந்த இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவர் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். உடனே ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் ஓடித் தப்பினார்கள். ஒரு போன், ஓர் ஒலிபெருக்கி, ஊரே பிழைத்தது!

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இரவு பகலாக இயங்குகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த எச்சரிக்கையைக் கேட்டதும் எந்தப் பக்கம் ஓடுவது என்று நமக்கும் தெரிந்திருக்க வேண்டுமே!

காலடிப்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பிள்ளைகளே, உங்களுக்குக் கடல் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. நிலம் பலமாக நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ எச்சரிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். வேடிக்கை பார்க்கவும் நிற்காதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே ஊருக்குள் ஓடுங்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பி வராதீர்கள். அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

நாளை வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள்: "சார், நம் பள்ளியிலிருந்து எந்தத் தெரு வழியாக மேற்கே போக வேண்டும்? ஒருநாள் எல்லோரும் சேர்ந்து நடந்து பார்ப்போமா?" கரையோரப் பள்ளிகள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை, அரையாண்டு விடுமுறைக்கு முன், இந்தப் பயிற்சியைச் செய்தே ஆக வேண்டும்.

அச்சு ஒரு அங்குலம் நகரட்டும், அது பூமியின் வேலை. ஆபத்து வந்தால் நாம் நகரத் தெரிந்திருக்க வேண்டும், அது நம் வேலை. சரிதானே?