பன்னிரண்டு அடிப் பாதை

கடப்பாக்கம் பக்கம் போனால் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து, இடித்தது போக மிச்சம்தான் அங்கே நிற்கிறது. பீரங்கியால் தகராறு தீர்த்தால், ஜயித்தவனுக்கும் செங்கற் குவியல்தான்!

நம் வீட்டுச் சண்டைக்குப் பீரங்கி கிடையாது. வக்கீல் நோட்டீஸ் உண்டு. அதே கடற்கரையில் ஒரு சவுக்குத் தோப்பு, அண்ணன் தம்பி இருவருக்கும் பாத்தியம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது; நிலத்துக்கு விலை வந்தது; கூடவே வியாஜ்யமும் வந்தது. "ரோட்டுப் பக்கம் எனக்கு" என்கிறார் அண்ணன். "எனக்கு" என்கிறார் தம்பி. கோர்ட்டில் பத்திரத்தையும் அளவுப் படத்தையும் பார்த்துக் கோடு கிழிப்பார்கள். அவ்வளவுதான்.

சமரச மையத்தில் உட்காரும் சமரசரோ, "உங்களுக்கு அது எதற்கு?" என்று விசாரிப்பார். அண்ணன் மகன் அங்கே கடை வைக்க வேண்டும். தம்பிக்கு வேண்டியது லாரி போய்வர வழியும், கிணற்றுத் தண்ணீரும். பன்னிரண்டு அடிப் பாதை விட்டு, கிணற்றுக்கு முறை வைத்தால் தீர்ந்தது! கேட்டது ஒன்றாக இருந்தாலும் வேண்டியது வேறு வேறு என்பது, யாராவது கேட்டால்தானே தெரிகிறது?

"இது நம் ஊர்ப் பஞ்சாயத்துதானே?" என்பீர்கள். இல்லை. பஞ்சாயத்தார் தீர்ப்புச் சொல்வார்கள், சமரசர் சொல்லமாட்டார். மனம் ஒப்பாவிட்டால் எழுந்து வந்து வழக்கைத் தொடரலாம். அங்கே பேசியது கோர்ட்டில் சாட்சியமாகாது. குப்பத்துப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார்ந்து பேசுவது அபூர்வம். இங்கே தங்கைக்கும் நாற்காலி உண்டு. அவசியம் கூப்பிடுங்கள். 2005-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பூர்விகச் சொத்தில் அவளுக்கும் சம பங்கு. அவள் கையெழுத்தில்லாத ராஜி, நாளைக்கே புது வழக்கு!

வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பச் சொல்லும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு, 2002-ல் அமலுக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட் ஏறியவர்கள் யார் தெரியுமா? நம் சேலத்து வக்கீல்கள்! திருத்தங்கள் செல்லும் என்றாகிவிட்டது. 2005-ல் சென்னை ஹைகோர்ட்டிலேயே சமரச மையம் திறந்தது.

மக்கள் நீதிமன்றம் என்று இன்னொரு வழியும் உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, கோர்ட்டில் இருக்கும் வழக்கு அங்கே ராஜியானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பி வரும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். "பாதை விஷயத்தில் அனுசரித்துக் கொள்வோம்" என்று எழுதியிருக்கிறதா? காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, எத்தனை அடி என்று எழுதச் சொல்லுங்கள்.