டப் பேஸுக்குப் பெடல் கடைசி

பேஸ் கிற்றாரில 'டப்' சத்தம் எடுக்க ஆசைப்படுற எல்லாரும் முதல் கேக்கிறது, "எந்தப் பெடல் வாங்கலாம்?" எண்டுதான். எங்கட கருத்தில அது கடைசியாக் கேக்க வேண்டிய கேள்வி.

டப், 1970களில் ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில் வளர்ந்த இசை. ஒலிப்பதிவான றெகேப் பாட்டொன்றை எடுத்து, குரலின் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் முன்னோடி கிங் டப்பி, இலத்திரனியல் பொருட்கள் திருத்துறவர். எக்கோவும் ரிவேர்ப்பும் அவரின்ட மிக்ஸிங் மேசையிலதான் நடந்தது, பேஸ்காரரின்ட காலடியில இல்லை. அதுவும் பெரும்பாலும் ஸ்நெயாருக்கும் கிற்றாருக்கும் குரல் துண்டுகளுக்கும்தான். மற்றதெல்லாம் மிதக்கேக்க பேஸ் அசையாமல் நிண்டது. பேஸில டிலே பெடலைப் போட்டால் அந்த அத்திவாரமே கலங்கிப்போகும்.

ஆழமான சத்தம், கூட்டிறதால இல்லை, குறைக்கிறதாலதான் வருது. கிற்றாரின்ட டோன் குமிழை முழுசாக் குறையுங்கோ. பிரிட்ஜுக்குக் கிட்ட இல்லாமல், கழுத்துப் பக்கமா விரலால மீட்டுங்கோ. உள்ளங்கை ஓரத்தால கம்பியை லேசா அமத்துங்கோ. ஏலுமெண்டால், 'ஃப்ளாட்வூண்ட்' எண்டு சொல்லுற வழுவழுப்பான கம்பி போடுங்கோ. முக்கியமா, இடைவெளி விடுங்கோ. பொப் மார்லியின்ட பேஸ்காரர் அஸ்டன் 'ஃபமிலி மான்' பரெட் வாசிச்சதில, வாசிக்காமல் விட்ட இடங்களுக்கும் அதே கனம் இருக்கு.

இதுக்குப் பிறகுதான் பெடல். முதல் கொம்ப்ரெசர்; அது சத்தத்தைச் சமப்படுத்தும். அடுத்தது ஈக்யூ, மேல் அலைவரிசைகளைக் குறைக்க. ஒக்டேவ் பெடலைக் கவனமாப் பாவியுங்கோ. நாலு கம்பிப் பேஸின்ட ஆகக் கீழான ஈ சுரமே ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ். அதையும் பாதியாக்கினால் 20க்குக் கிட்டப் போயிடும். அது மனிசக் காதின்ட எல்லை. சின்ன அம்ப் அதைத் தராது, ஃபோன் ஸ்பீக்கர் 41ஐயே தராது. பிற்காலப் பிரித்தானிய டப்பின்ட சிந்தசைசர் பேஸ் மாதிரி வேணுமெண்டால் ஒக்டேவும் ஃபில்டரும் உதவும், மறுக்கேல்லை. ஆனால் அது வேற சத்தம்.

1976இல் வந்த அகஸ்டஸ் பப்லோவின்ட 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ரொக்கர்ஸ் அப்டவுன்' இசைத்தட்டை நல்ல ஹெட்ஃபோனில கேட்டு, பெடல் எதுவுமில்லாமல் கூடவே வாசிச்சுப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் ஏதோ குறையுது எண்டால், என்ன குறையுது எண்டு உங்களுக்கே சொல்லத் தெரியும். அதுக்கேற்ற ஒரேயொரு பெடலுக்குக் காசு சேருங்கோ.